சாரலில் பார்த்த ஊரைச் சித்திரையிலும் பாருங்கள்

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் சொந்த ஃப்ளாட்டில் இருக்கிறோம். எனக்கு 39 வயது. மென்பொருள் வேலை, முழுக்க வீட்டிலிருந்தே பார்க்கிறேன். மனைவி கணக்காளர் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. மகன் ஐந்தாம் வகுப்பு. இந்த ஆனி, ஆடியில் ஆறு வாரம் தென்காசி மாவட்டம் கடையம் பக்கம் மனைவியின் மாமா வீட்டில் தங்கினோம். அந்தக் காற்று, சாரல், மலை, விடிகாலை அமைதி எல்லாம் சேர்ந்து எனக்குச் சென்னைக்குத் திரும்பவே மனம் வரவில்லை. மலையடிவாரத்தில் 3 ஏக்கர் நிலம் பார்த்திருக்கிறேன். ஏக்கர் 16 லட்சம். போர்வெல் உண்டு, மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் கொட்டியது. ஃப்ளாட்டை விற்றால் வங்கிக்கடன் 12 லட்சம் போகக் கையில் 50 லட்சத்துக்கு மேல் நிற்கும். நிலத்திலேயே சின்னதாக வீடு, இரண்டு நாட்டு மாடு, தென்னை, இயற்கை விவசாயம் என்று திட்டம். ஆவணி முடிவதற்குள் 2 லட்சம் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வேறு பார்ட்டிக்குப் போய்விடும் என்கிறார் தரகர். கொடுக்கலாமா? நிலத்தை நம்பிச் சில வருடத்தில் வேலையை விடலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஃப்ளாட்டை விற்காதீர்கள். ஆனால் ஊருக்குப் போங்கள். அந்த ஆசையில் ஒரு பிழையும் இல்லை. பிழை எல்லாம் வரிசையில்தான். முதலில் நிலம், அப்புறம் வீடு, அப்புறம் குடிபெயர்வு என்று யோசித்திருக்கிறீர்கள். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் ஊருக்குள் வாடகை வீட்டில் முழுதாக ஒரு வருடம். நிலம் கடைசியில்.

நீங்கள் பார்த்தது தென்காசிச் சீமையின் மிக நல்ல ஆறு வாரம். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து வரும் ஆனி, ஆடியில் அந்த ஊர் யாரையும் மயக்கும். அதே காற்றுதான் முட்டுக்கம்பு கொடுக்காத வாழையை ஒரே ராத்திரியில் சாய்த்துப் போடுகிறது என்பதை விருந்தாளிகள் கவனிப்பதில்லை. பங்குனி, சித்திரையில் அங்கே நீங்கள் இருந்ததில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களிமண் பாதையில் பைக் ஓட்டியதில்லை. இடி இறங்கும் மாலையில் மோடத்தின் வயரைப் பிடுங்கிப் போட ஓடியதில்லை. இந்த மூன்றையும் அனுபவித்த பிறகும் ஊர் பிடித்திருந்தால் அது நிஜமான பிரியம்.

இப்போது அந்தத் தண்ணீர். 'மோட்டாரைப் போட்டதும் கொட்டியது' என்று எழுதியிருக்கிறீர்கள். கொட்டத்தான் செய்யும். ஆறரை அங்குல போர்வெல்லில் ஓர் அடி உயரத்துக்குச் சுமார் ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். குழிக்குள் 300 அடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 1,950 லிட்டர். மணிக்கு 6,000 லிட்டர் இறைக்கும் மோட்டார் அதைக் காலி செய்யவே 20 நிமிடம் ஆகும். நிலம் காட்ட வருபவர்கள் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவார்கள். நீங்கள் பார்த்தது ராத்திரி முழுக்கச் சேர்ந்து நின்ற தண்ணீரை. பாறை இடுக்கிலிருந்து ஊறுவதை அல்ல. அதுவும் சாரல் காலத்தில்.

ஊற்றைச் சோதிக்க ஒரு 200 லிட்டர் டிரம், கைபேசியில் உள்ள கடிகாரம், நான்கு மணி நேரப் பொறுமை போதும். சித்திரையிலோ வைகாசியிலோ போங்கள். மோட்டாரைத் தொடர்ந்து நான்கு மணி நேரம் ஓடவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை டிரம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதுங்கள். முதலில் இரண்டு நிமிடத்தில் நிறைந்தது கடைசியில் ஐந்து நிமிடம் ஆனால், மணிக்கு 6,000 லிட்டர் என்று சொல்லப்பட்ட போரின் உண்மையான ஊற்று 2,400 லிட்டர்தான். பிறகு மோட்டாரை நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் போடுங்கள். உடனே காற்றுக் கலந்து துப்பித் துப்பி வந்தால் ஊற்று மெதுவாகத்தான் கூடுகிறது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கைப் பயிரோடு வைத்துப் பாருங்கள். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை. மூன்று ஏக்கருக்கு 210. சொட்டுநீர் போட்டாலும் காய்க்கிற மரம் ஒன்றுக்குக் கோடையில் நாளுக்குச் சுமார் 80 லிட்டர் வேண்டும். ஆக 16,800 லிட்டர். மணிக்கு 2,400 லிட்டர் ஊற்று ஏழு மணி நேரம் சளைக்காமல் தந்தால்தான் இது நடக்கும். சித்திரையில் மூன்று மணி நேரத்தில் மூச்சு வாங்கினால் 7,200 லிட்டர், அதாவது 90 தென்னைக்கான தண்ணீர். அப்படியென்றால் நீங்கள் வாங்குவது மூன்று ஏக்கர் தோட்டம் இல்லை. ஒன்றேகால் ஏக்கர் தோட்டமும் மீதி மானாவாரியும். விலையும் அப்படித்தான் பேச வேண்டும். தரகர் இந்தச் சோதனைக்கு மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

அளவைப் போலவே தரமும் முக்கியம். மோட்டாரை அரை மணி ஓடவிட்டு, அதே தண்ணீரால் நன்றாகக் கழுவிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, மண்ணோடு சேர்த்து வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். மண் எடுக்கிற விதத்தில்தான் பலர் சொதப்புவார்கள். வரப்போரம், மர நிழல், குப்பை கொட்டிய இடம் மூன்றையும் தவிர்த்து, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் மேல் சருகை ஒதுக்கி, ஆங்கில 'வி' வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டுங்கள். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிவிடுங்கள். அரைக்கிலோ மிஞ்சும் வரை இதையே செய்யுங்கள். தென்னை, எலுமிச்சை வைப்பதாக இருந்தால் மூன்றடிக் குழி எடுத்து ஒவ்வோர் அடிக்கும் தனித்தனி மாதிரி வேண்டும். மலையடிவாரத்தில் மேலே செம்மண் அழகாகத் தெரியும். இரண்டடிக்குக் கீழே சுக்கான் பாறை இருந்தால் மரம் நாலாவது வருடம் நின்றுபோகும்.

மலையடிவாரம் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. கடையம் மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய பூமி. காட்டுப்பன்றி ஒரு ராத்திரியில் மரவள்ளியையும் இளம் தென்னங்கன்றையும் கிளறிப் போடும். யானையும் கரடியும் இறங்குகிற இடங்கள் உண்டு. மூன்று ஏக்கரைச் சதுரமாக வைத்தாலும் சுற்றளவு 1,450 அடி. எட்டடிக்கு ஒரு கல்தூண் என்றால் 180 தூண், ஐந்தாறு வரிசை முள்கம்பி, ஆள்கூலி. இத்தனையும் பன்றியை முழுசாகத் தடுக்காது. சோலார் வேலி போடலாம். காப்புக்காட்டை ஒட்டிய பகுதியில் அதற்கு வனத்துறை அனுமதியும் பதிவும் தேவை. மின்கம்பத்திலிருந்து நேரடியாகக் கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் 'பழக்கம்' பற்றி யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே எடுக்கவிடாதீர்கள். மனிதர் சாகிறார்கள், மிருகம் சாகிறது, கொடுத்தவர் சிறைக்குப் போகிறார். சில அடிவாரக் கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலிலும் வரும். அங்கே வீடு கட்டவும் போர் போடவும் தனி அனுமதி வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்.

பத்திரம் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. தரகர் 'கிளியர் டைட்டில் சார்' என்று சொல்லியிருப்பார். அதற்கு எந்த மதிப்பும் இல்லை. சர்வே எண்ணை வாங்குங்கள். தமிழக அரசின் மின்சேவைத் தளத்தில் பட்டாவும், நிலம் எந்த வகை என்று சொல்லும் அ-பதிவேடும் நீங்களே பார்க்கலாம். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று போடலாம். வில்லங்கம் 30 வருடத்துக்குக் குறையக் கூடாது. 1975-லிருந்து எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அ-பதிவேட்டில் கோயில் நிலம், பூமிதானம், அரசு நிபந்தனை ஒப்படை என்று ஏதாவது தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். பஞ்சமி நிலம் என்றால் பேச்சே இல்லை. பட்டியல் சாதி மக்களுக்கென 1892-க்குப் பிறகு ஒப்படை செய்யப்பட்ட நிலம் அது. பத்திரம் எத்தனை கை மாறியிருந்தாலும் பிறர் வாங்கியது செல்லாது, செல்லவும் கூடாது.

தென்மாவட்டங்களில் அடிக்கடி வரும் சிக்கல் வாரிசு. பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். விற்பவர் மூத்த பேரன். 'தங்கச்சிங்களுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க' என்பார். கேட்பார்கள், கேட்க உரிமையும் உண்டு. 2005 திருத்தத்துக்குப் பிறகு இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும், அத்தைமார் உட்பட, கையெழுத்துப் போட வேண்டும். 1980களில் நடந்த யுடிஆர் என்ற நில ஆவணப் புதுப்பிப்பின்போது பட்டாவில் பெயரும் பரப்பும் பிசகிப்போன நிலங்களும் நிறைய. பத்திரத்தில் 3 ஏக்கர், பட்டாவில் 2.74 என்றால் நீங்கள் வாங்குவது 2.74. பெரியவர்கள் மரக்கால், கோட்டை விதைப்பாடு என்று அளவு சொல்வார்கள். அது ஊருக்கு ஊர் வேறு. சென்ட்டில் மட்டும் பேசுங்கள். வட்ட நில அளவருக்கு விண்ணப்பித்து, பக்கத்து நிலத்துக்காரர்கள் நிற்கும்போது கல் ஊன்றி அளந்த பிறகே கிரயம்.

பாதையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நகரத்தவர் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கார் தோட்டம் வரை போனதல்லவா? அந்தப் பாதை யார் பட்டாவில் இருக்கிறது? நில அளவைத் துறையின் புலப்படத்தில் வண்டிப்பாதை என்று கோடு இருந்தால் சரி. இல்லையென்றால் பக்கத்து நிலத்து அண்ணாச்சி நல்ல மனதோடு விட்டிருக்கும் வழி அது. அவருக்கும் உங்களுக்கும் ஒரு மனத்தாங்கல் வந்த மறுநாள் அங்கே முள் வந்துவிழும். பாதை பட்டா நிலத்தின் வழியாக என்றால், அந்த நிலத்தின் உடைமையாளர் எழுதிப் பதிவு செய்த பாதை பாத்தியம் இருக்க வேண்டும். அது உங்கள் கிரயப் பத்திரத்திலும் சர்வே எண், அகலத்தோடு வர வேண்டும். கிணறு கூட்டுக் கிணறு என்றால் எத்தனையில் எத்தனை பங்கு, எந்த நாள் யாருக்கு முறை என்பதும் அப்படியே. மோட்டாரும் மின் இணைப்பு எண்ணும் பத்திரத்தில் தனியாகக் குறிப்பிடப்பட வேண்டும். விட்டுப்போனால் இலவச விவசாய இணைப்பைப் பெயர் மாற்றுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அந்த இணைப்பிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கவும் கூடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு.

செலவில் பதிவுக்கானதை மறந்திருப்பீர்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 48 லட்சத்துக்கு 4 லட்சத்து 32 ஆயிரம். வழிகாட்டி மதிப்புக்குக் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்வார்கள். நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை போட்டிருக்கிறது. பின்னால் வழக்கு என்று வந்தால் கொடுத்த பணத்துக்குச் சாட்சியும் இருக்காது.

இனி வருமானம். தென்னை வைத்தால் நாட்டு ரகம் காய்க்க ஆறேழு வருடம். அதன் பிறகு இரண்டு ஏக்கரில் 140 மரம், மரத்துக்கு 80 காய், காய் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சத்து 24 ஆயிரம். வெட்டுக்கூலி, உரம், பாத்தி எடுப்பது, வெள்ளை ஈ, வண்டுக்கான செலவு எல்லாம் போகப் பாதி நின்றால் நல்ல நிர்வாகம். மாதத்துக்கு 9,300 ரூபாய். விலை பத்து ரூபாய்க்கு இறங்கிய வருடங்களும் உண்டு. அதே 48 லட்சத்தை வங்கியில் 6.5 சதவீத வைப்பில் போட்டால் வருடத்துக்கு 3 லட்சத்து 12 ஆயிரம் வட்டி. நிலம் வாங்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நிலத்தின் வருமானம் உங்கள் சம்பளத்துக்கு மாற்றாகாது. அது வேறு காரணங்களுக்காக வாங்கும் பொருள். எனவே வேலையை விடும் யோசனையை நிலம் வாங்கி மூன்று பயிர் எடுத்த பிறகு, இரண்டு வருட வீட்டுச் செலவு கையில் தனியாக இருக்கும்போது எடுங்கள். மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பிஎம் கிசான் தொகையை யாராவது கணக்கில் சேர்த்துச் சொன்னால் நம்பாதீர்கள்: 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விலைக்கு வாங்கியவர்களுக்கு அது கிடையாது. சொட்டுநீர் மானியம் மட்டும் நிஜமான உதவி. ஐந்து ஏக்கருக்குள் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழகத்தில் 100 சதவீதம். வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று வேண்டும்.

எங்கே குடியிருப்பது என்பதில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. தோட்டத்து வீடு வேண்டாம், முதல் சில வருடமாவது. தனியாக நிற்கிற வீடு சென்னைக்காரர் கனவு. ஊர்க்காரர் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. மருத்துவ அவசரம், திருட்டு, மின்தடை, பாம்பு எதுவானாலும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வேண்டும். நீங்கள் ஆசைப்படுவது கிராம வாழ்க்கையை என்றால் அது ஊருக்குள்தான் நடக்கிறது. டீக்கடை, ரேஷன் கடை, கோயில் கொடை, துஷ்டி (சாவு) வீடு, கல்யாண மொய் எல்லாம் அங்கேதான். கடையம், ஆழ்வார்குறிச்சி, பாவூர்சத்திரம் போன்ற பெரிய ஊர்களில் வாடகை வீடு கிடைக்கும். சிறு கிராமங்களில் தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்தே இருக்கின்றன. வீடு கேட்டால் 'நீங்க எந்த ஆளுக?' என்ற கேள்வி நேராகவே வரும். சென்னையில் அது மறைந்து நிற்கும். இங்கே முகத்துக்கு நேரே. அதை எப்படி எதிர்கொள்வீர்கள் என்பதை நீங்களும் மனைவியும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவி என்றதும் ஒன்று. நீளமான கடிதத்தில் அவர் வேலையை விட்டார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எதுவும் இல்லை. 'எனக்கு மனம் வரவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு? மாமா வீட்டில் அவர் செல்ல மருமகள். குடிவந்தால் தினசரி மூன்று வேளைச் சமையல், சனி ஞாயிறு தவறாமல் குற்றால சீசனுக்கு வந்திறங்கும் உங்கள் நண்பர்கள், கடைக்குப் போகக்கூட ஒருவரை எதிர்பார்க்கும் நிலை. இரு சக்கர வாகனம் ஓட்டத் தெரியாதென்றால் கிளம்புவதற்குள் கற்று உரிமம் எடுக்கட்டும். கணக்காளருக்கு அங்கே வேலையும் உண்டு: ஜிஎஸ்டி கணக்கு எழுத ஆள் தேடும் அரிசி ஆலைகளும் கமிஷன் மண்டிகளும் பாவூர்சத்திரம், சுரண்டை பக்கம் இருக்கின்றன.

வாடகை வீடு பார்க்கும்போது மதியம் போகாதீர்கள். மாலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்து, உங்கள் வேலைக் கணினியில் ஒரு வீடியோ அழைப்பு அரை மணி பேசுங்கள். பகலில் பறக்கும் செல்பேசி இணையம் ஊரே சீரியலும் ரீல்ஸும் பார்க்கும் நேரத்தில் படுத்துவிடும். ஃபைபர் இணைப்பு அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் மதியம் 2 மணிக்கோ அதற்குப் பிறகோதான் வரும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள ஒரு இன்வெர்ட்டர், மடிக்கணினி, மோடம், ஒரு ஃபேன் என 150 வாட் சுமையை ஏழெட்டு மணி நேரம் தாங்கும். எர்த் சரியில்லாத பழைய வீடு என்றால் முதல் ஐப்பசி இடியில் மோடம் போகும். குடிபோகும்போதே எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைப் பார்த்துவிடுங்கள்.

பாம்பைப் பற்றி யாரும் பதறாமல் சொல்வதில்லை. அங்கே கவனிக்க வேண்டியது கட்டுவிரியன். ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியே இருக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, கண் இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது என்று தொடங்கும். கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுத்தால் இந்த ஆபத்து மிகப் பெரும்பாலும் போய்விடும். ராத்திரி வெளியே டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். விறகும் ஓடும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். கடித்தால் கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டுக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கேதான். எந்த மருத்துவமனை, எத்தனை கிலோமீட்டர் என்பதைக் குடிபோன முதல் வாரமே வண்டியில் போய்ப் பார்த்து வாருங்கள். தோட்டம் துரவு சுற்றுகிறவர்களுக்கு ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது கறுப்புப் பொருக்கு இருந்தால் உண்ணிக்காய்ச்சலா என்று மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

மாடு இப்போது வேண்டாம். நாட்டு மாட்டுக்கும் காலை ஐந்து மணி, மாலை நாலு மணி என்று நேரம் உண்டு. உங்கள் மீட்டிங்குக்காக அது காத்திராது. பெரிய மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம், ஐந்தாறு கிலோ வைக்கோல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி. சினைப் பருவத்தைக் கவனிக்கத் தவறினால் 21 நாள் போச்சு. எல்லாவற்றையும் விட, மாடு இருந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போக முடியாது. முதல் வருடம் பக்கத்து வீட்டில் பாலை வாங்குங்கள், அவர்கள் கறப்பதைப் பாருங்கள். கைக்கு வேலை வேண்டுமென்றால் ஐந்து பெட்டைக்கோழி, ஒரு சேவல். குஞ்சாக வாங்கினால் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. இந்த இரண்டையும் விட்டதால்தான் 'நல்லா இருந்துச்சு, ஒரே வாரத்துல எல்லாம் போச்சு' என்ற கதை. ராத்திரி அடைக்கும் கூட்டில் இடைவெளி இருந்தால் கீரி நுழையும்.

விவசாயத்தையும் அந்த அளவிலேயே தொடங்குங்கள். பின்னால் ஐந்து சென்ட் இடமுள்ள வீடாகப் பாருங்கள், 2,178 சதுர அடி. கோடையில் குடிபோனால் உடனே விதை தூவாமல், ஒரு மழை கிடைத்ததும் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு ஒரு கிலோ விதைத்து 45-ஆம் நாள் பூவெடுக்கும்போது மண்ணுக்குள் மடக்கி விடுங்கள். அரை டன் மக்கிய தொழுவுரம் பரப்புங்கள். பச்சைச் சாணியைப் போட்டால் வேர்ப்புழுவைக் கூப்பிட்டு வைத்த மாதிரி. ஆடிப்பட்டத்தில் மூன்று பேருக்கு 30 வெண்டை, 12 கத்தரி, 15 தக்காளி, 6 மிளகாய், ஒரு பாகல் பந்தல், இரண்டு முருங்கை, நாலு பப்பாளி போதும். இதில் எதை ஆடு மேய்ந்தது, எது பூச்சியில் போனது, வாரத்தில் எத்தனை மணி நேரம் குனிய முடிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று ஏக்கர் உங்களுக்கு எத்தனை ஆள் வேலை என்று அந்த நோட்டே சொல்லும். ஆள் வேலை என்றால் அதிகாலையில் தொடங்கி உச்சிக்கு முன் முடிவது. கூலியை அன்றைக்கே கொடுங்கள், ஊர் வழக்கத்துக்கு மேல் அள்ளிக் கொடுக்காதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரருக்கு அது சங்கடம், அவரோடுதான் நீங்கள் தண்ணீர் முறை பேச வேண்டும். இயற்கை விவசாயம் நல்ல எண்ணம்தான். ஆனால் வருடக்கணக்கில் யூரியா தின்ற நிலத்தில் முதல் போகத்திலேயே உரத்தை அடியோடு நிறுத்தினால் விளைச்சல் விழும். ஒரு பகுதியில் தொடங்கி, பலதானியம் விதைத்து மடக்கி, மண் தேறத் தேறப் பரப்பைக் கூட்டுங்கள்.

ஆக ஆவணியில் அட்வான்ஸ் இல்லை. தரகரிடம், சித்திரையில் வந்து நான்கு மணி நேரம் மோட்டார் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்று சொல்லுங்கள். வேறு பார்ட்டி நிஜமாகவே இருந்தால் வாங்கிப் போகட்டும். ஊருக்குள் ஒரு வருடம் இருக்கிறவருக்கு நிலம் தரகர் வழியாக வராது. டீக்கடையில் வரும், வேறு விலையில் வரும். அதுவரை ஃப்ளாட்டை வாடகைக்கு விடுங்கள்; கடன் தவணையில் பெரும்பகுதியை அந்த வாடகையே பார்த்துக்கொள்ளும். ஒரு வருடம் கழித்துப் பிடிக்கவில்லையென்றால் திரும்பி வர வீடும் இருக்கும்.

கிளம்பும் தேதியை மகனின் பள்ளிதான் தீர்மானிக்க வேண்டும். அவன் ஐந்தாம் வகுப்பு முடித்த ஏப்ரலில் போங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழகத்தில் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி சேர்ந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் உண்டு. ஒரு வருடம் தாமதித்து ஏழாம் வகுப்பில் சேர்த்தால் உள் ஒதுக்கீடு கிடைக்காது. அந்த வட்டாரத்தில் பெயர்பெற்ற பள்ளிகளில் பல அரசு உதவிபெறும் பள்ளிகள். அவை நல்ல பள்ளிகளே, ஆனால் 7.5 சதவீதத்துக்குக் கணக்கில் வராது. சேர்ப்பதற்கு முன் தலைமையாசிரியரிடம் எந்த வகைப் பள்ளி என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, சென்னைப் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழோடு எமிஸ் எண் என்ற மாணவர் அடையாள எண்ணையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.